நாற்பத்திரண்டு, பதினெட்டு

அந்த அம்மாள் யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசியதில்லை. மூக்கைப் பார்த்துத்தான் பேசுவார். முதல் தடவை அவர் கடைக்குப் போனபோது என் மூக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, மேல்துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"தொடைக்காதீங்க சாமி. மூக்கு நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதானுங்க" என்றார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் போய்வந்த கடை, ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. என் பெயரும் அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை நான் நாற்பத்திரண்டு, பதினெட்டு. ஒரு கண்ணுக்கான கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மூக்கின்மேல் உட்காரும் பாலம் பதினெட்டு. இந்த இரண்டு எண்ணுக்குமேல் என்னைப் பற்றி அவர் எதையும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஒரு நாள் தேவராஜ மார்க்கெட்டில் நான் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நாலு கடை தள்ளி நின்று, "ஏனுங் நாப்பத்திரண்டு பதினெட்டு! அவரைக்காய் என்ன வெலைங்க?" என்று கூப்பிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயிலிலிருந்து வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

கடை மண்டி மொஹல்லாவில், ஓர் இரும்புக் கடைக்கும் ஓர் அத்தர் கடைக்கும் நடுவில் செருகினாற்போல இருந்தது. கடை அவருடைய கணவருடையது. அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். டாக்டர் சீட்டைப் படிப்பார், சக்கரத்தில் கண்ணாடியின் ஓரத்தைத் தேய்ப்பார், வெற்றிலை போடுவார். மொஹல்லாவின் கோஷாப் பெண்களுக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. ஆனால் அந்நிய ஆண் ஒருவன் முகத்தின் அருகே கையைக் கொண்டுபோய் அளவெடுக்க எந்தப் பெண் சம்மதிப்பாள்? அதற்காகவே கடையின் பின்பாதியில் ஒரு திரையைக் கட்டி, கௌதள்ளியிலிருந்து கல்யாணம் செய்து கூட்டிவந்த மனைவியை அதற்குப் பின்னால் உட்கார வைத்தார். கௌதள்ளியெல்லாம் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது, மைசூரில் அவருடைய தமிழைக் கேட்டாலே எங்கள் வீட்டுக் குழந்தைகள் சிரிக்கும்.

திரைக்குப் பின்னால் அளவெடுத்துக்கொண்ட பெண்கள் யாரும் திரும்பி வரவில்லை. திரைக்கு முன்னால் கணவரிடம் அளவெடுத்துக்கொண்ட ஆண்கள், காது வலிக்கிறது, மூக்கில் இறங்குகிறது என்று வாரத்துக்கு நாலு பேர் வந்தார்கள். இரண்டே வருஷத்தில் திரை பாதி விலகிவிட்டது. கணவர் பேசாமல் தேய்க்கும் சக்கரத்துக்குப் போய்விட்டார். அந்த விஷயத்தில் அவருடைய பெருந்தன்மையையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஆபீசில் அப்படி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எலும்பில் செய்த அளவுகோல் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அதன் ஒரு விளிம்பில் அங்குலம், மறு விளிம்பில் மில்லிமீட்டர். அங்குலப் பக்கத்தை அவர் மதித்ததே இல்லை. "அது கதவு ஜன்னலுக்குங்க" என்பார். சீமையிலிருந்து வரும் புது ஃபிரேம்களில் காதுக்குப் போகும் காலின் உட்புறம் அளவு பொடி எழுத்தில் அடித்திருக்கும். முதல் எண் கண்ணாடிக்கு, இரண்டாவது மூக்குக்கு, மூன்றாவது காலின் நீளத்துக்கு. அதையும் அவர் நம்பமாட்டார். டஜன் வந்தால் டஜனையும் அளப்பார். "சீமையில அடிச்சா? அவனுக்கும் கை தப்பாதுங்களா?" என்று இரண்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். கணவர் பெருமூச்சு விட்டபடி அந்த இரண்டையும் காகிதத்தில் சுற்றுவார்.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: சுமார். "சுமாரா சரியா இருக்கும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. "சுமாருன்னா எத்தனைங்க?" என்று கேட்டு, பதில் வரும்வரை கோலை நீட்டியபடி நிற்பார். அவர் கண்டிக்கும் குற்றம் இன்னொன்று, கண்ணாடியை ஒற்றைக் கையால் கழற்றுவது. வக்கீலானாலும் சரி, வாத்தியாரானாலும் சரி, "ரெண்டு கையால கழட்டுங்க! ஒத்தக் கையால இழுத்தா கால் விரிஞ்சு போயிரும்" என்று அதட்டுவார். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இதற்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

ஒரு தசரா ஊர்வலத்தில் தற்செயலாக அவருக்குப் பக்கத்தில் நின்றேன். ஊரே யானையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. இவர் மட்டும் யானைக்குப் பின்னால் வந்த சாரட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது வண்டியில வாராரே பெரிய தலப்பாக்காரரு, அவருக்குப் பாலம் ரெண்டு மில்லி ஜாஸ்திங்க" என்று என் காதோரம் சொன்னார். அந்த உத்தியோகஸ்தர் எங்களைக் கடந்துபோய் முனை திரும்புவதற்குள் நாலு தடவை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். நான் எண்ணினேன். அம்பாரியை அந்த வருஷம் நான் சரியாகப் பார்க்கவில்லை.

இந்தக் கறார் சில சமயம் எல்லை மீறிப் போகும். அதையும் மறைக்கக் கூடாது. ஒரு நாள், கல்யாணம் நிச்சயமாகவிருந்த பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு இரண்டு வீட்டுப் பெண்களும் கடைக்கு வந்திருந்தார்கள். கண்ணாடி போட்டால் பெண் எப்படி இருப்பாள் என்று வருங்கால மாமியார் தன் கண்ணாலேயே பார்த்துவிடப் புறப்பட்டிருந்தாள். திரை பாதிதான் மூடியிருந்தது, நான் முன்புறம் காத்திருந்தேன். அந்த அம்மாள் அளந்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "எடது காது நாலு மில்லி கீழ" என்றார். பெண்ணின் தாய் வெலவெலத்துப் போனாள். பெண் அழ ஆரம்பித்தாள். எனக்கே கோபம் வந்தது. இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா?

அவருக்கு அந்த அழுகை புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மாமியாரைப் பார்த்து, "நீங்க இப்படி உக்காருங்க தாயி" என்றார். மாமியார் உட்கார்ந்தாள். கோல் அவள் காதுப்பக்கம் போயிற்று. "உங்களுக்கு அஞ்சு மில்லிங்க" என்றார். பிறகு பெண்ணிடம் திரும்பி, "காது ரெண்டும் ஒண்ணா இருக்கற ஆள நான் இன்னும் பாக்கல கண்ணு. அழுவாத" என்றார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கல்யாணம் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் சர்வே ஆபீசில் வரைபடம் போடுபவன். ஊர் எல்லை, ஏரி, வாய்க்கால், யாருடைய வயல் எது என்பதையெல்லாம் மசியில் இழுப்பது என் வேலை. இடது கைக்காரன். ஆபீசில் அதற்காக நிறைய கேலி உண்டு, ஆனால் என் கோட்டைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, கண்ணாடி போடும்வரை.

முப்பத்து மூன்று வயதில் கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உள்ளே போய் ஒரு சந்தனப் பெட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். அதில் தங்க ஃபிரேம் போட்ட கண்ணாடி ஒன்று இருந்தது. அப்பாவுடையது. எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். போனவருடைய ஃபிரேமில் இருப்பவருக்கான கண்ணாடியைப் பொருத்திக்கொள்வார்கள். மோதிரம் விரலுக்குச் சேராவிட்டால் தட்டானிடம் ஓடுவோம். கண்ணாடி மூக்குக்குச் சேருகிறதா என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை.

அப்பாவை நான் பார்த்ததில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது பிளேக்கில் மூன்றே நாளில் போய்விட்டார். வீட்டுச் சாமான்களையெல்லாம் கொளுத்திவிட்டார்கள். கண்ணாடியை அவர் கடைசியாக வேலைக்குப் போன அன்று அமல்தார் கச்சேரியில், அதாவது தாலுகா ஆபீசில், தன் மேஜைமேலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததால் அது தப்பியது. போட்டோ கிடையாது. அம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். சின்ன வயதில் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கேட்ட அன்றெல்லாம் அவள் சாப்பிடாமல் படுத்துவிடுவாள், அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கோ ஒரு கடையில் கண்ணாடி பொருத்தி, முதல் முதலாக அதைப் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றேன். என்னையே பார்த்தாள். பிறகு திரும்பி அடுக்களைக்குள் போனாள். வெகுநேரம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. இனி இந்தக் கண்ணாடியை நான் கழற்றக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

ஆனால் அது மூக்கில் நிற்கவில்லை. குனிந்தால் மேஜைமேல் விழுந்தது. கறுப்பு நூலால் பிடரிக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் தலை பிளக்கும். ஒரு கோடு இரண்டாகத் தெரியும். டாக்டர் இரண்டு தடவை சோதித்து, நம்பர் சரிதான் என்று சத்தியம் செய்தார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில், நான் போட்ட ஒரு ஊர்ப்படத்தில் ஏரிக்கரைக் கோடு தள்ளிப்போய், யாரோ ஒரு குடியானவருடைய வயலின் மூலை ஏரிக்குள் போய்விட்டது.

தலைமை டிராஃப்ட்ஸ்மன் என்னைக் கூப்பிட்டார். அவர் நல்லவர், ஆனால் அது ஆள்குறைப்புக் காலம். யார் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று மேலே பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. "இதே படத்தை மறுபடி போடும். பத்து நாள் தருகிறேன். இதிலும் கோடு தப்பினால் பட்டியலில் முதல் பெயர் உம்முடையதாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், நான், ஐந்து பேரும் அந்த ஒரு மேஜையை நம்பி இருந்தோம். அன்றைக்குச் சாயங்காலம்தான், பக்கத்து மேஜைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து மண்டி மொஹல்லாவுக்குப் போனேன்.

அந்த அம்மாள் என் மூக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். நூலோடு தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிக் கழற்றினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருதுங்க?"

"என்னுதுதாம்மா."

"நீங்க போட்டிருக்கறீங்க. யாருதுன்னு கேட்டனுங்க."

"அப்பாவோடது" என்றேன்.

கோலை என் புருவத்துக்குக் கீழே பிடித்துத் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஃபிரேமை அளந்தார். "உங்க கண்ணு ரெண்டுக்கும் நடுவால அறுபது. இதுல கண்ணாடி நாப்பத்துநாலு, பாலம் இருவத்துநாலு. கூட்டுங்க."

"அறுபத்தெட்டு."

"கண்ணாடியோட நடு ஒவ்வொரு பக்கமும் நாலு மில்லி அக்கட்டால போயிருச்சு. உங்க கண்ணு ஒரு எடத்துல, கண்ணாடி ஒரு எடத்துல. டாக்டரு குடுத்த நம்பரு சரிதானுங்க. அது உக்காந்திருக்கற எடந்தான் தப்பு."

சர்வே ஆபீசில் படம் போடும் என் வேலையைச் சொல்லி, நடுவை நகர்த்தி வேறு கண்ணாடி வெட்டிப் பொருத்த முடியாதா என்று கேட்டேன். "பொருத்தலாம். ஆனா நீங்க குனிஞ்சு சோலி பாக்கறவரு. பாலம் உங்க மூக்குக்கு ஆறு மில்லி ஜாஸ்தி. குனிஞ்சா எறங்கும். எறங்கினா நான் வெச்ச நடுவும் எறங்கும்" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஊரு நெலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளக்கறீங்க. சொந்த மூக்க அளக்கலாமுன்னு தோணலீங்களா?" என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

வேறு ஃபிரேம் வாங்க முடியாது, அம்மா மனசு உடைந்துவிடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலையும் சொன்னேன். இதையே வளைத்து நெருக்கி எனக்குச் சேரும்படி செய்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அந்த ஃபிரேமை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். காலை விரலால் தடவினார்.

"வளைக்கலாமுங்க. ஆனா இப்ப வளைக்கமாட்டேன். அம்மாவ ஒருக்கா கூட்டிட்டு வாங்க."

அரிசியில் கல் தெரிவதில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதையே சாக்காக வைத்து மறுநாள் ஜட்காவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். திரைக்குப் பின்னால் பெஞ்சின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டியிருக்குமே என்ற கவலை அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. கோலைத் தோலில் படாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தே அம்மாவுக்கு அளவெடுத்தார். மற்ற யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு அப்பாவின் ஃபிரேமை எடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவனுக்கு இது சேரலைன்னு சொன்னயாமே. கொஞ்சம் வளைச்சுக் குடுத்துடு அம்மா. அவன் இதைத்தான் போட்டுக்கணும்."

"வளைக்கறதுக்கு முன்னால இதுல இருக்கறதச் சொல்லிடட்டுங்களா?"

அம்மா ஃபிரேமின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இதப் போட்டிருந்தவருக்கு மொகம் அகலமுங்க. கண்ணு ரெண்டுக்கும் நடுவால அறுபத்தெட்டு. மூக்குத் தண்டு அகலம், ஆனா உசரம் கம்மி. பாலம் எப்படித் தாழ உக்காந்திருக்குது பாருங்க. எடது காது வலதவிட மூணு மில்லி கீழ." அளவுகோலின் நுனி ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. "வலது கால் மட்டும் உள்ளாற அமுங்கியிருக்குது. வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துட்டுப் படிப்பாருங்களா?"

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எடது கால் வெளிய விரிஞ்சிருக்குது. ரெண்டு கையால கழட்டினா இப்படி ஆகாது. ஒத்தக் கையால, அதும் எடது கையால, வெடுக்குன்னு இழுத்திருக்காரு. வருசக்கணக்கா. இது சாமி பண்ணினது இல்லீங்க. இவரு நூல் கட்டியிருந்ததால தலைக்கு மேலதான் கழட்டினாரு."

அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது கைதான்" என்றாள். குரல் யாருடையதோபோல இருந்தது. "சாப்பாடு ஒண்ணுதான் வலது கை. மத்ததெல்லாம் இடது. இவன் பலகையை இடது கையில பிடிச்சப்போ வீட்ல எல்லாரும் அடிச்சா. நான் அடிக்கலை. எப்படி அடிப்பேன்?"

முப்பத்து நாலு வருஷத்தில் அப்பாவைப் பற்றி அம்மா என் காதுபடச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். என் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் ஃபிரேமைத் துணியால் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சாமி மூக்குக்குத் தகுந்தாப்பல இத வளைச்சா இதெல்லாம் நேராயிருமுங்க. அவரு போட்ட வளைவு ஒண்ணும் நிக்காது. அப்பறம் இது வெறும் தங்கக் கம்பி. வளைன்னு சொல்லுங்க, வளைச்சுத் தாரேன்."

அம்மா கையை நீட்டினாள். ஃபிரேம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. அதைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இவனுக்கு இவன் அளவுல ஒண்ணு குடுங்கோ" என்றாள். அதுவரை நீ என்று பேசிக்கொண்டிருந்தவள் அவரைப் பன்மையில் அழைத்ததை நான் கவனித்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் தலைக்குக் குளிக்கவும் இல்லை.

எனக்கு வந்தது சாதாரண நிக்கல் ஃபிரேம். காலின் உட்புறம் நாற்பத்திரண்டு, பதினெட்டு என்று அடித்திருந்தது. அதை அவர் என் கண் முன்னாலேயே மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மறுநாள் மேஜையில் குனிந்தேன். கண்ணாடி இறங்கவில்லை. ஒரு கோடு ஒரு கோடாகத் தெரிந்தது. அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை, ஒரு வருஷம் இரண்டு கோடு பார்த்தவனால்தான் புரிந்துகொள்ள முடியும். எட்டாம் நாளே படத்தைக் கொடுத்துவிட்டேன். தலைமை டிராஃப்ட்ஸ்மன் பூதக்கண்ணாடி வைத்து மூலை மூலையாகப் பார்த்தார். "குடியானவனை ஏரியிலிருந்து கரையேற்றிவிட்டீர்" என்று கையெழுத்துப் போட்டார். பட்டியல் வந்தபோது அதில் என் பெயர் இல்லை.

இதற்கு நடுவே இன்னொரு காரியமும் செய்தேன். அந்த அம்மாள் சொன்ன அளவுகளையெல்லாம் அன்றே ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தேன். அளவு கையில் இருந்தால் படம் போடாமல் இருக்க என்னால் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை விரித்து, கண்ணுக்குக் கண் அறுபத்தெட்டு, பாலம் இருபத்துநாலு என்று அசல் அளவிலேயே அப்பாவை வரைய ஆரம்பித்தேன். மூக்குக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீசை இப்படி, மோவாயில் ஒரு குழி, உதடு இன்னும் கொஞ்சம் தடிப்பு என்று சொல்லச் சொல்லப் போட்டேன். படம் முடிந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் மாதிரிதான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு இடிக்கறது. என்னன்னு சொல்லத் தெரியலை" என்றாள்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த அம்மாள் அதை மேஜைமேல் விரித்து நாலு மூலையிலும் கண்ணாடிப் பெட்டிகளை வைத்தார். எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோலை எடுத்து அப்பாவின் முகத்தை அளந்தார்.

"எடது காது மூணு மில்லி கீழன்னு சொன்னனுங்க. நீங்க நாலு வெச்சிருக்கறீங்க."

"ஒரு மில்லிதானே அம்மா. சுமாரா..."

"சுமாருன்னா எத்தனைங்க?"

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். காதை அழித்து, ஒரு மில்லி மேலே ஏற்றினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவள் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். "வந்துட்டார்டா" என்றாள். பிறகு படத்தின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். கடையில் கூட்டம். அந்த அம்மாள் யாரோ ஒருவருடைய மூக்கை அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மூணு ஆச்சுங்களா?" என்றார்.

"ஆச்சும்மா" என்றேன். அம்மா சொன்னதைச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். கண்ணில் நீர் முட்டி எதிரே ஒன்றும் தெரியாமல் போகவே, துடைத்துக்கொள்வதற்காகக் கண்ணாடியைக் கழற்றினேன். நூல் இல்லாததால் கை தன் போக்கில் போயிற்று. இடது கையால், ஒற்றைக் கையால், வெடுக்கென்று.

அவர் அதட்ட வாயைத் திறந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த அதட்டலுக்காகக் காத்திருந்தார்கள். கணவர்கூடச் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மாள் என் மூக்கைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தார்.

"சரி, இருந்துட்டுப் போவுட்டுங்க" என்றார்.